பஞ்சக்கா வீட்டுக்கு வந்த வெங்காய மூட்டை

எங்கே பஞ்சம் வரும் என்று பார்த்துச் சொல்லும் பயிர்க் கணிப்பு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவளுக்குத் தெருவில் கிடைத்த பட்டம், பஞ்சக்கா. எந்த நாட்டில் மழை பொய்த்தது, எந்தத் துறைமுகத்தில் தானியக் கப்பல் நிற்கிறது என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில் இருக்கும். ஆனால் அவள் எழுதும் அறிக்கையைத் தெருவில் ஒருத்தரும் சீண்டுவதில்லை. அவள் வீட்டுக்குள் என்ன மூட்டை போகிறது என்பதைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.

இந்த வருடம் அவளுக்குப் போதாத காலம். கோதுமையில் ஒன்று, உருளைக்கிழங்கில் ஒன்று என இரண்டு கணிப்புகள் மண்ணைக் கவ்விவிட்டன. "மூணாவதும் தப்பாச்சுன்னா பழைய ஃபைல் ரூம்தாம்மா உனக்கு" என்று மேலதிகாரி சொல்லியேவிட்டார். ஜன்னல்கூட இல்லாத அறை அது. இந்த முறை கிடங்கு கிடங்காக ஃபோன் போட்டு, கூட்டிக் கழித்து எழுதினாள்: மூன்று மாதத்துக்கு வெங்காயத் தட்டுப்பாடே வராது. மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை நாத்தனார் குடும்பம் வந்து இறங்கியது. ஒன்பது பேர், பத்து நாள் தங்கல். பஞ்சக்காவின் கணவர் ஒரு மூட்டை வெங்காயத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவோடு வந்தார்.

மாடி வீட்டுக்காரி வழிமறித்தாள். "என்னண்ணே, அக்கா சொல்லித்தானே வாங்கினீங்க?"

"ஐயோ, விருந்தாளிங்க வந்திருக்காங்கம்மா!"

"எங்ககிட்டயே மறைக்கறீங்க, பாத்தீங்களா?"

பத்து மணிக்குள் தெருவின் மூன்று கடைகளிலும் வெங்காயம் காலி. மதியம் பெரிய கடைக்கு ஒரு லாரி வந்ததும், ஊரே அங்கே வரிசை கட்டியது. பஞ்சக்கா தலைதெறிக்க ஓடினாள்.

"வெங்காயம் மலையா குவிஞ்சு கெடக்கு! நான்தான் கணக்குப் போட்டேன்! யாரும் வாங்காதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"வாங்காதேன்னு அவங்களே ஓடி வந்து சொல்றாங்கன்னா, விஷயம் பெருசுதான்" என்றார் ஒருவர். வரிசை இன்னும் நெருக்கியடித்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வரிசையின் கடைசியில் ஒருவர் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார், கையில் இரண்டு சாக்கு. அவளுடைய மேலதிகாரி.

"சார், நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"நான் நம்பறேம்மா. வீட்டுல நம்பலையே." குரலைத் தாழ்த்தினார். "ஆளுக்கு அஞ்சு கிலோதான் தர்றாங்களாம். இந்தச் சாக்கைப் பிடிச்சு எனக்கு முன்னால நில்லும்மா. ஃபைல் ரூம் பேச்சையே எடுக்க மாட்டேன்."

பஞ்சக்கா சாக்கை உதறிப் பிரித்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.