மரியரட்ணம் வாங்கிய மரத்தாராக்கள்

என் வீட்டுக்காரர் மரியரட்ணத்தைப் பற்றிக் கேட்டால் டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இக்காஸ்ட் ஊரில் எல்லோரும் அவருடைய பொறுமையைத்தான் சொல்வார்கள். நான் அவருடைய வாயைச் சொல்வேன். திறக்க வேண்டிய நேரத்தில் அது திறக்காது. நாங்கள் பட்ட பாட்டில் பாதி அதனால் வந்தது. மற்றப் பாதி என் கோபத்தால் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் மன்னாரில் வலை இழுத்தவர். எண்பத்தைந்தில், மகள் ஸ்ரெபானி கைக்குழந்தையாக இருந்தபோது, டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார். இக்காஸ்டில் ஒரு துணி ஆலையில் வேலை கிடைத்தது. எண்பத்தேழில் என்னையும் பிள்ளையையும் கூப்பிட மனுப் போட்டார். பதில் வரவில்லை. அப்போது எந்தத் தமிழருக்கும் பதில் வரவில்லை. எங்கள் எல்லோருடைய மனுக்களையும் தொடாமல் வைத்திருக்கும்படி மேலிடத்திலிருந்தே சொல்லியிருந்தார்கள் என்பது பல காலத்துக்குப் பிறகுதான் வெளியே வந்தது. அதுவரை என் மனுசன் வாரத்துக்கு ஒரு தடவை, "இன்னும் பதில் இல்லை, சுகமாக இருக்கிறேன்" என்று எழுதிக்கொண்டிருந்தார்.

ஆலையில் அவருடைய போர்மன் ஸ்வென் வாத்து வேட்டைக்காரர். இங்கே வேட்டைக்காரர்கள் மரத்தில் செதுக்கிய வாத்துகளைக் குளத்தில் மிதக்கவிட்டு நாணலுக்குள் ஒளிந்திருப்பார்கள். மேலே பறந்து போகிற வாத்துகள், கீழே நம்மவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நம்பி இறங்கும். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மரவாத்துகளைச் செதுக்குவதில் கெட்டிக்காரி விபோர்க்கில் இருந்த கியர்ஸ்டன் என்ற மனுசி. ஆனால் ஸ்வென் அவருடைய வாசற்படி மிதிக்க முடியாது. ஒரு பனிப்புகார்க் காலையில் அவர் கியர்ஸ்டனின் மரவாத்து ஒன்றை உண்மையான வாத்து என்று நினைத்துச் சுட்டுவிட்டார். இதைவிட என்ன பாராட்டு வேண்டும் என்பது ஸ்வெனின் கட்சி. கொலைகாரனுக்கு வாத்து விற்பதில்லை என்பது கியர்ஸ்டனின் கட்சி.

ஆகவே ஸ்வென் என் மனுசனைத் தூது அனுப்பினார். "ஏழு வாத்து வாங்கிக்கொண்டு வா. என் பெயரை மட்டும் சொல்லாதே. உன் மனைவி வந்தால் என் வளவில் இருக்கும் மேல்வீடு உனக்குத்தான்" என்றார். பேசாமல் இருப்பதுதான் வேலை என்றால் அதற்கு மரியரட்ணத்தை விட்டால் வேறு ஆள் ஏது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போனார். ஏழு வாத்து வேண்டும் என்று கேட்டவரைக் கியர்ஸ்டன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, வர்ணம் பூசாத ஒரு வாத்தையும் ஒரு ஈயத் துண்டையும் கையில் கொடுத்து, தண்ணீர் நிறைந்த தகரத் தொட்டியைக் காட்டினாராம். அலுமாரியில் வைக்கிற வாத்து அவர் செய்வதில்லை. அவருடைய வாத்து வேலை செய்ய வேண்டும். எப்படித் தூக்கி எறிந்தாலும், காற்றுக் கவிழ்த்தாலும், தானாக நிமிர்ந்து மிதக்க வேண்டும். அதற்கு ஈயம் வயிற்றில் சரியான இடத்தில் இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே வலைக்கு ஈயம் கட்டியவருக்கு இது பெரிய வித்தையா? வாத்தின் வயிற்றைப் பெருவிரலால் தடவி, ஒரு இடத்தில் ஈயத்தைக் கட்டித் தலைகீழாகத் தொட்டிக்குள் போட்டார். அது புரண்டு எழுந்து நின்றது.

"ஞாயிறுக்கு ஒரு வாத்து. ஈயம் வைப்பது உன் வேலை" என்றார் கியர்ஸ்டன். ஏன் ஏழு என்று இவர் கேட்டதற்கு, "இரட்டைப்படையில் விட்டால் எல்லாம் சோடி சோடியாக நிற்பதுபோல இருக்கும். ஒன்று தனியாக நின்றால்தான் மேலே போகிற வாத்து தனக்கும் இடம் இருக்கிறது என்று நினைக்கும்" என்றாராம்.

இதையெல்லாம் எனக்கு எழுதியிருக்கலாம் அல்லவா? எழுதவில்லை. கூட இருந்த ஆனந்தராஜாவின் காரில் சாய்ந்து நின்று, தன்னுடைய கார் மாதிரிப் படம் எடுத்து அனுப்பத் தெரிந்த மனுசனுக்கு, மரத்தாரா பற்றி எழுதக் கை வரவில்லை. எங்கள் ஊரில் வாத்தைத் தாரா என்றுதான் சொல்வோம்.

ஆனந்தராஜா எழுதினார். தன் மனைவிக்கு. அந்தப் புண்ணியவதி எங்கள் ஊர் மாதா கோயில் வாசலில் என்னை மறித்து வைத்து, நாலு பேர் கேட்க வாசித்தாள்: "மரியரட்ணம் ஒவ்வொரு ஞாயிறும் விபோர்க்கில ஒரு பொம்பிளையின்ர வீட்டை போறார். பின்னேரம் பையோட வாறார். என்னெண்டு கேட்டா வாய் திறக்கிறார் இல்லை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றே இரண்டு கடிதம். அவருக்கு நான் எழுதியது ஒரே வரி: "விபோர்க்காரியோடயே இருங்கோ." மற்றதை மாக்கிரட் ரீச்சரைக் கொண்டு ஆங்கிலத்தில் டென்மார்க் அலுவலகத்துக்கு எழுதுவித்தேன். எனக்கு அந்த நாட்டுக்கு வர விருப்பமில்லை, என் கணவரின் மனுவைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று.

"பிள்ளை, ஒரு கிழமை பொறுத்துப் போடுவமே?" என்று கேட்டார் ரீச்சர்.

"இல்லை ரீச்சர். இண்டைக்கே போடோணும்."

பதிவுத் தபாலில் போட்டேன்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு, உன் பெயருக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது, ஆமிக்காரர் கூப்பிடுகிறார்கள் என்று தபால் கந்தோரிலிருந்து ஆள் வந்தது. அது இந்திய ஆமி இருந்த காலம். போய்ப் பார்த்தால், மணல் மூட்டைக்கு மேல் ஒரு மரத்தாரா இருக்கிறது. பச்சைத் தலை, மஞ்சள் சொண்டு, என்னை நேரே பார்க்கிற இரண்டு கண். பத்தடி தள்ளி ஆறு பேர் துவக்கோடு நிற்கிறார்கள். தட்டினால் உள்ளே வெறும் கூடு, வயிற்றில் ஈயம். அவர்களுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

"இது எதுக்கு?" என்று கேட்டான் ஒரு மலையாளத்துப் பெடியன்.

எனக்கென்ன தெரியும்? பார்சலுக்குள் இருந்த கடிதத்தை என் கையில் தந்து உரத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன்.

"ராணி, விபோர்க்கில நான் போற மனுசிக்கு எழுபத்தாறு வயசு. மரத்தில தாரா செய்யிறவ. அது நேரா மிதக்க ஈயம் வைக்கிறது நான். இதுக்கும் நான்தான் வைச்சனான். தண்ணியில கவிட்டுப் பார், தானா நிமிரும். முப்பத்தஞ்சு வயசு ஆம்பிளை தாராவோட விளையாடுறான் எண்டு எழுத வெக்கமாக் கிடந்தது."

பெடியன் அதைத் தங்கள் பாஷையில் மற்றவர்களுக்குச் சொன்னான். எவனோ ஒருவன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தான். கவிழ்த்தார்கள். நிமிர்ந்தது. மற்றவன் கவிழ்த்தான். அதற்கும் நிமிர்ந்தது. ஆறு பேரும் முறை வைத்துக் கவிழ்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அந்த மணல் மூட்டையில் குந்தியிருந்து அழுதேன். இப்படி ஒரு பொய்யைக் கட்ட என் மனுசனுக்கு மூளை காணாது. ஆகவே அது உண்மைதான்.

தாராவைத் தூக்கிக்கொண்டு நேரே மாக்கிரட் ரீச்சரிடம் ஓடினேன். கடிதம் போய்விட்டதே, என்ன செய்வது?

"இன்னொண்டு எழுதினா முதல் கடிதத்தை அவையளுக்கு ஞாபகப்படுத்தின மாதிரிப் போகும். பேசாம இரு" என்றார் ரீச்சர்.

பேசாமல் இருந்தேன். அந்த மாதங்களைப் போல நான் ஒருநாளும் பயந்ததில்லை. அவர் "இன்னும் பதில் இல்லை" என்று எழுதும்போதெல்லாம், பதிலைக் கெடுத்தது என் கடிதம்தான் என்று நினைப்பேன். பிள்ளை அப்பாவின் படத்தைக் காட்டி, "எப்ப போறம்?" என்று கேட்டால் அடுப்படிக்குள் போய்விடுவேன். அவரிடம் சொல்லவும் துணிவில்லை.

எண்பத்தொன்பது கடைசியில் விசா வந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. தாராவை மடியில் வைத்துக்கொண்டே பிளேனில் வந்தேன். ஸ்வெனின் மேல்வீட்டில் குடியேறினோம். கியர்ஸ்டன் எங்களைப் பார்க்க வந்தபோது, ஸ்வெனிடம் ஆறுதான் இருக்கிறது, உனக்கு வந்த ஏழாவதைக் கொடு என்றார். யாருக்கு வாங்கியது என்பது அவருக்கு முதல் நாளே தெரியுமாம். என் மனுசனின் முகம் எதையும் மறைக்காதாம். தாராவை மட்டும் நான் கொடுக்கவில்லை. ஸ்வெனுக்குக் கியர்ஸ்டன் வேறொன்று செதுக்கினார்.

தொண்ணூற்றுமூன்றில் அந்த மனு விவகாரம் நாடு முழுக்க வெடித்தது. ரேடியோவிலும் ஆலையிலும் கோயிலிலும் அதே கதைதான். நடந்ததை அறிய விரும்பியவர்கள் தங்கள் கோப்பின் பிரதியைக் கேட்கலாம் என்று ஒரு வக்கீல் சொல்ல, என் மனுசன் என்னிடம் சொல்லாமலே கேட்டு எழுதிவிட்டார். ஒரு சனிக்கிழமை காலை தடித்த கடித உறை வந்தது. குசினி மேசையில் வைத்து ஒவ்வொரு தாளாக எடுத்தார். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கையில் மாக்கிரட் ரீச்சரின் உருண்டை எழுத்து.

ரொட்டி கருகியது.

அந்தக் கடிதத்தில், அது வந்து சேர்ந்த தேதி முத்திரை ஒன்று மட்டும் இருந்தது. வாசித்ததற்கு அடையாளமாக ஒரு கோடு, ஒரு கையெழுத்து, ஒன்றுமே இல்லை. எங்கள் மனுவைத் தொடாமல் வைத்தவர்கள் என் கடிதத்தையும் தொடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். ஊரே அவர்களைத் திட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில், திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் இரண்டு தரம் வாசித்தார். அலுமாரிக்கு மேலே இருந்த தாராவை ஒருதரம் பார்த்தார்.

"ராணி, இது உன்ர கையெழுத்துத்தானே கீழ?"

"ஓம்."

"நாலு வருசமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

என் வாயில் வந்தது, தாராவோடு அவர் எழுதியனுப்பிய அதே பதில்தான்.

"வெக்கமாக் கிடந்தது" என்றேன்.