எட்டுப் பத்து ரயில்

ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாவில் ஆளை ரயில் ஏற்றிவிடுகிற தொழில் என்னுடையது. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, ‘இந்நேரம் அங்க சாப்பிட்டிருப்பானா’ என்று கடிகாரம் பார்க்கிற உங்களுக்கு என் வேதனை புரியும்.

மலிவு டிக்கெட்

மடவார் வளாகம் சுப்பையா அண்ணாச்சி ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வியன்னாவில். மகள் செல்வி பக்கத்து நாட்டில், ப்ராக் நகரத்தில். அவள் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்று ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மகன் வீட்டுக்குப் போகிற சாக்கில் அவளையும் பார்த்துவிட நினைத்தார்.

நாலு மணி நேரப் பயணம்தான். முன்கூட்டி எடுத்தால் ரொம்ப மலிவு. ஆனால் குறித்த ரயிலில்தான் ஏற வேண்டும், விட்டால் டிக்கெட் செல்லாது. மூன்று தடவை சொன்னேன். “ஏலே, பட்டாளத்துக்காரன்கிட்டயே நேரத்தைப் பத்திச் சொல்லுதியா?” என்றார்.

ராகு காலம்

மலிவு டிக்கெட் ஒரே நாளில்தான் மிச்சமிருந்தது. அவர் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, காலை எட்டுப் பத்து. அண்ணாச்சி முகம் சுண்டிப்போனது. திங்கள் ஏழரை முதல் ஒன்பது ராகு காலமாயிற்றே!

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அப்ப நம்ம ஊர்ல மணி பதினொன்றரைக்கு மேல அண்ணாச்சி, ராகு காலம் தாண்டிரும்” என்றேன். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். “அப்ப டிக்கெட்டைப் போடு. செல்விகிட்ட நீயே சொல்லிரு, நான் சொன்னா நம்ப மாட்டா.”

செல்வியின் போன்

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் செல்வி கூப்பிட்டாள். ரயில் வந்துவிட்டதாம், எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்களாம், அப்பாவைக் காணோமாம். உடனே வியன்னாவில் அண்ணாச்சி மகனுக்குப் போன் போட்டேன். ராகு காலம் என்று சொல்லி அவர் ஏறவே இல்லை என்றான்.

அதை அவளிடம் சொல்கிற பாவமும் என் தலையில்தான் விழுந்தது. அவள் சொன்னாள்: “நான் இன்னும் செத்த நேரம் நிக்கேண்ணே. அடுத்த வண்டியில வந்தாலும் வருவாக.”

அவர் வரவில்லை.

ஊர் திரும்பியவர்

வந்த மூன்றாம் நாள் கடைக்கு வந்து உட்கார்ந்தார். பாதியாக இளைத்திருந்தார். நாள் பார்த்துக் கொடுத்தவன் நான்தானே என்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“ராகு காலமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லலே. ரயில் கதவு தொறந்துதான் இருந்துச்சு. ஏழு வருசம் கழிச்சு அவ மூஞ்சியில எப்படி முழிக்கன்னு பயந்துட்டேன்.”

எந்த நாட்டுக்கும் மலிவாக டிக்கெட் எடுத்துக் கொடுப்பேன், ஏற்றிவிடுகிற வசதி மட்டும் என் கடையில் கிடையாது.