டிராக்டர் தேடிய டிரெய்லர்

சொத்துப் பிரித்தபோது டிராக்டர் பெரியப்பாவுக்கு, டிரெய்லர் அப்பாவுக்கு என்று முடிவானது. நிலம், கிணறு, மாடு எல்லாவற்றையும் பிரித்து முடித்த பிறகு இந்த இரண்டும் மிஞ்சின. எங்கள் ஊர் மம்சாபுரத்துப் பெரியவர்கள் யோசித்துப் பார்த்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றில்லாமல் மற்றது ஓடாது, அதனால் அண்ணனும் தம்பியும் பேச்சை விடமாட்டார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. எங்கள் வீட்டு ஆண்களின் வீம்பு அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.

மாங்காய் இறக்கிய ஒரு நாள் அப்பாவுக்கு டிராக்டர் தேவைப்பட்டது. பெரியப்பா அன்றைக்கு அதை கூமாப்பட்டிக்கு உழவுக்கு அனுப்பியிருந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்று அப்பா கேட்டார். "என் வண்டி எங்க போகுதுன்னு ஒன்கிட்ட எதுக்குச் சொல்லணும்" என்று பெரியப்பா திருப்பிக் கேட்டார். அத்தோடு பேச்சு நின்றுபோனது. அதன் பிறகு அப்பா தன் டிரெய்லரை இழுக்க யாருடைய டிராக்டரையோ வாடகைக்குக் கூப்பிட்டார். பெரியப்பா தன் டிராக்டருக்கு யாருடைய டிரெய்லரையோ வாடகைக்கு எடுத்தார். நடுவில் இருந்தது ஒரு காம்பவுண்டுச் சுவர் மட்டும்தான். ஊரே சிரித்தது, இவர்கள் இருவரையும் தவிர.

வாடகை டிராக்டர் வராத நாட்களில் எங்கள் டிரெய்லர் வேப்பமரத்தடியில் நின்றது. அது டிப்பர் டிரெய்லர். ஜாக்கி உயர்த்தினால் தொட்டி சாய்ந்து சுமையைத் தானாகக் கொட்டும். நின்ற இடத்தில் அதற்குள் கோழி முட்டையிட்டது, அம்மா மிளகாய் வற்றல் காயப்போட்டாள், நான் சோறு பொங்கி விளையாடினேன். டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் சாண் நீள இரும்புப் பின் யாருக்கு என்று பிரிக்கும்போது யாரும் பேசவில்லை. வாடகைக்கு வருகிறவர்கள் அவரவர் பின்னைக் கொண்டுவந்ததால் எங்களுடையது தொழுவச் சுவரில் ஆணியில் சும்மா தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதை இறக்கி, பழந்துணியால் துடைத்து, எண்ணெய் போட்டு மறுபடி மாட்டுவார்.

"வேலையில்லாத இரும்புக்கு எம்புட்டு எண்ணெய்தான் ஊத்துவிய?" என்று அம்மா கேட்பாள்.

அப்பா இன்னொரு சொட்டு விடுவார். இரும்பு வீணாகப் போவது அவருக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம்தான் மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தார். லீவில் வந்தாலும் கை சும்மா இருக்காது. ராஜபாளையத்தில் ஒரு சிநேகிதரின் பட்டறையே கதியென்று கிடந்தார். லீவு முடிந்து கிளம்புகிற அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டு ஒரு துணிப்பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால் எங்கள் டிரெய்லர், என் இரண்டு கையில் அடங்கும் அளவில். அதே பச்சைப் பெயிண்ட், பின்கதவில் பாறை மோதிய அதே நெளிசல். ஜாக்கிக்குப் பதிலாக ஒரு ஊசி போடும் சிரிஞ்ச். அதில் தண்ணீர் நிரப்பி அழுத்தினால் தொட்டி மெல்ல எழுந்து சாயும். டிராக்டரோடு இணைகிற முன்கழுத்தில் சின்னச் சங்கிலியில் ஒரு குட்டிப் பின்கூடத் தொங்கியது.

"மருமகளே, டிரெய்லர் மாமன் சீரு. டிராக்டரு ஒங்கப்பன் எடுத்துத் தரட்டும். கண்டதையும் மாட்டிறாத. பொருந்துனதாப் பாத்து எடுக்கணும். டிராக்டர் மாட்டுற வரைக்கும் ஊருக்குள்ள யாருக்கும் காட்டவும் கூடாது, சரியா?"

நான் தலையாட்டினேன். அந்த வயதில் எனக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதற்கு ஒரு டிராக்டர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை ராஜபாளையம் கூட்டிப்போனார். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பொம்மைக் கடைகளை ஒன்று விடாமல் ஏறி இறங்கினோம். பிள்ளைக்குப் பொம்மை வாங்க வந்தவர் மாதிரியே அப்பா நடந்துகொள்ளவில்லை. கடைக்குள் போனதும் டிரெய்லரைத் தரையில் வைப்பார். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் டிராக்டரை அதன் முன்னால் நிறுத்துவார். பிறகு குத்தவைத்து, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, கழுத்து மட்டமாக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். சட்டைப்பையில் புளியங்கொட்டை கொண்டுவந்திருந்தார். அதுதான் சுமை. நாலு பேர் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

முதல் கடை டிராக்டர் டிரெய்லரின் சக்கர உயரம்கூட இல்லை. இரண்டாவது கடையில் இருந்தது பேட்டரியில் ஓடுவது. சுவிட்சைப் போட்டால் விளக்கெரிந்து பாட்டுப் பாடியது. "இது பாடுறதுக்குத்தான் லாயக்கு, இழுக்கிறதுக்கு இல்ல" என்று அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கடைக்காரர் தன் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொல்ல, அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூன்றாவது கடையில் ஒரு நீல டிராக்டர், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டிரெய்லரில் கொட்டையைக் கொட்டியதுமே முன்சக்கரம் இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றது.

அங்கேயே கண்ணாடி அலமாரிக்குள் ஒரு சிவப்பு டிராக்டர் இருந்தது. கனமான இரும்பு, பெரிய பின்சக்கரம். என் கண் அதிலேயே இருந்தது.

"அப்பா, அது."

"அது வேண்டாம்."

"மாட்டிப் பாக்கவே இல்லையே?"

"பாத்தாலே தெரியுது. சக்கரம் சரியில்ல."

அதற்கு முந்தைய கடையிலும் சிவப்பு ஒன்று இருந்தது. அதற்குக் கொக்கி சரியில்லை என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்குச் சிவப்பு நிறமே ஆகாது போலிருக்கிறது என்று முடிவுகட்டினேன். பெரியப்பா டிராக்டரும் சிவப்புதான் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி அப்போது இல்லை.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது டிரெய்லரை மஞ்சப்பையில் போட்டு நானே எடுத்துக்கொண்டேன். தேர் பார்த்தோம், வடத்தைத் தொட்டுக் கும்பிட்டோம். கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் ரத வீதியில் ஒரு பொம்மைக் கடைக்குள் நுழைந்தோம். கடையை நடத்தியது ஒரு அக்கா. திருவிழா வியாபாரத்தில் நிற்க நேரமில்லாமல் இருந்தாள். இருந்தும் அப்பா கேட்டதற்காக இரண்டு மூன்று டிராக்டரை எடுத்துப் போட்டாள். அப்பா வழக்கம்போலத் தரையில் குத்தவைத்துவிட்டார். நான் புளியங்கொட்டையோடு பக்கத்தில் நின்றேன்.

கடையின் மறுகோடியில் யாரோ கேட்டார்கள்.

"இந்த டிராக்டருக்குத் தகுந்த மாதிரி டிரெய்லர் இருக்காம்மா?"

எனக்குத் தெரிந்த குரல். அப்பா திரும்பவில்லை. ஆனால் டிரெய்லரைப் பிடித்திருந்த அவர் கை அசையாமல் நின்றுவிட்டது. பெரியப்பாவும் அவர் மகனும் நின்றிருந்தார்கள். அந்த அண்ணன் கையில் ஒரு சிவப்பு டிராக்டர். இடது பக்கத்து மட்கார்டு நசுங்கியிருந்தது, பெரியப்பாவின் வண்டியில் எப்படி நசுங்கியிருக்குமோ அப்படியே.

கடைக்கார அக்கா அவர்களையும் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள்.

"இன்னைக்கு என்ன, எல்லாரும் பாதிப் பாதியாத் தூக்கிட்டு வாரிய?"

அண்ணன் கையிலிருந்து டிராக்டரை வாங்கிவந்து எங்கள் டிரெய்லருக்கு முன்னால் வைத்தாள். சங்கிலியில் தொங்கிய குட்டிப் பின்னை எடுத்துக் கொக்கியில் விட்டாள். தடங்கலில்லாமல் உள்ளே இறங்கியது. கழுத்து மட்டமாக நின்றது. அப்பா என் கையிலிருந்த கொட்டை முழுவதையும் வாங்கித் தொட்டியில் போட்டார். முன்சக்கரம் அசையவில்லை. நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

அப்பா சிரிஞ்சை அழுத்தப்போனார். அதற்குள் பெரியப்பா அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "செத்த மெதுவா தூக்கச் சொல்லும்மா. விசுக்குனு தூக்குனா கழுத்து வளைஞ்சிரும்."

"அது எனக்குத் தெரியும்னு சொல்லுங்க" என்றார் அப்பா, அவரும் அக்காவைப் பார்த்து.

"அண்ணாச்சி, எனக்குத் தேர்நாள் யாவாரம் கெடக்கு. நீங்களே பேசிக்கிடுங்க" என்று அவள் போய்விட்டாள்.

அவள் போனதும் இரண்டு பேருக்கும் நடுவில் பேசுவதற்கு ஆளில்லாமல் போனது. அப்பா சிரிஞ்சை மெதுவாகவே அழுத்தினார். தொட்டி சாய்ந்து கொட்டைகள் தரையில் உருண்டன. பெரியப்பா குனிந்து ஒன்றிரண்டைப் பொறுக்கினார். டிராக்டரின் நசுங்கிய மட்கார்டையும் டிரெய்லரின் நெளிந்த பின்கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒம் மச்சினன் வேலை" என்றார்.

"ம்" என்றார் அப்பா.

அவ்வளவுதான் பேச்சு. பிறகு அப்பா எழுந்து, டிராக்டரையும் டிரெய்லரையும் கழற்றாமல் சேர்த்தே தூக்கினார். என் கையில்தான் தரப்போகிறார் என்று நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் அதை அண்ணன் கையில் கொடுத்தார்.

"நீ கொண்டு போப்பா. பத்திரம்."

எனக்கு உலகமே இருண்டுவிட்டது. என் டிரெய்லர், என் மாமா செய்தது, எனக்கென்று இருந்த ஒரே டிரெய்லர். கடைவாசலிலேயே அழுகையை ஆரம்பித்தேன். அப்பா பால்கோவா வாங்கித் தந்தார். அழுதுகொண்டே தின்றேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் "பிள்ளைய எதுக்கு அடிச்சிய?" என்று அப்பாவைக் கேட்டார்கள். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அவ்வளவு எளிதில் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் பிராது வைத்ததும் அம்மா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு செல்போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள். எங்கோ வடக்கே இருந்த மாமா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. எனக்கு டிரெய்லரைக் கொடுத்துவிட்டு, ரயிலுக்குப் போகிற வழியில் பெரியப்பா வீட்டில் ஏறி டிராக்டரை அண்ணன் கையில் கொடுத்திருக்கிறார். அங்கேயும் அதே பேச்சுதான். டிரெய்லரை அவன் அப்பா எடுத்துத் தரட்டும், அதுவரைக்கும் ஊருக்குள் யாருக்கும் காட்டக்கூடாது. ஊர்ப் பெரியவர்கள் போட்ட அதே கணக்கை மாமா ஒரு தகரத் துண்டில் போட்டுப் பார்த்திருக்கிறார் என்பதெல்லாம் பின்னால்தான் புரிந்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது, மாமாவும் துரோகி என்பது மட்டும்.

மறுநாள் காலையில் டிராக்டர் சத்தம் கேட்டது. வாடகை வண்டிச் சத்தமில்லை. பெரியப்பாவின் வண்டி எங்கள் வாசலுக்குள் பின்புறமாக வந்துகொண்டிருந்தது. மட்கார்டு மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தான். நான் ஓடிப்போய் முதலில் அவன் கையைத்தான் பார்த்தேன். கை வெறுமையாக இருந்தது.

"என் டிரெய்லர் எங்க?"

"வீட்ல இருக்கு."

"எடுத்துட்டு வரலையா?"

"அப்பா அவசரமாக் கெளப்பிட்டாக."

பெரியப்பா வண்டியை வேப்பமரத்தடிக்கு விட்டு நிறுத்தினார். "குப்பை உரம் அடிக்கணும். ஒன் வயலுக்கு மொதல்ல அடிச்சிருவோம்" என்றார், யாரையும் பார்க்காமல். அம்மா டிரெய்லருக்குள் காய்ந்த மிளகாயை அவசர அவசரமாக அள்ளினாள். கோழி கத்திக்கொண்டு இறங்கியது. மிளகாய்க் காரத்தால்தான் அம்மாவின் கண் கலங்கியது என்று நினைத்தேன். அப்பா தொழுவத்துக்குப் போய் ஆணியிலிருந்து பின்னை எடுத்துவந்து நீட்டினார்.

பெரியப்பா அதை வாங்கினார். உடனே மாட்டவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். கட்டைவிரலால் நுனியிலிருந்து தலைவரைக்கும் தடவினார். விரலில் எண்ணெய்தான் பட்டது.

"துருப் புடிக்கலையேடா" என்றார்.

அப்பா டிரெய்லரின் கழுத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றார், நிமிரவில்லை. பெரியப்பா இன்னும் அந்தப் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். இதில் பார்க்க என்ன இருக்கிறது, சீக்கிரம் மாட்டினால் சீக்கிரம் போய் என் டிரெய்லரை எடுத்துவரலாமே என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றேன்.