உப்புப் போட்டாச்சி

நோன்போடு கஞ்சி காய்ச்சும்போது உப்புப் பார்க்க முடியாது. நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிடலாம் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. போட்டோமா, எவ்வளவு போட்டோம் என்பதெல்லாம் சமைப்பவரின் ஞாபகத்தில்தான் இருக்கும். மார்புப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து, நோன்பு பிடிக்கலாம் என்று டொக்டர் அனுமதித்த முதல் வருடம், கஞ்சியை நானே காய்ச்சுகிறேன் என்று உம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நோன்பு திறக்கப் பாங்கு கேட்டது. முதல் மிடறிலேயே உம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"யா அல்லாஹ்! கடலையே வீட்டுக்குள்ள கொண்டந்து வச்சிரிக்காய் மகள்."

வாப்பா கடற்றொழிலாளி. கோப்பையை வைக்கவில்லை. "நல்லாத்தான் இரிக்கி. கொஞ்சம் தண்ணி மட்டும் தா மகள்."

மூவரும் சிரித்தோம். பிறகு நான் குசினிக்குள் போய் அழுதேன். உப்பை எத்தனை தரம் போட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போய் வந்து, கல்முனைப் பக்கம் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு, மறைக்க விரும்பவில்லை. முடி கொட்டியபோதுகூட நான் இவ்வளவு உடையவில்லை. முடியை முக்காட்டுக்குள் வைக்கலாம். கரும்பலகைக்கு முன்னால் நின்று, அடுத்த வரி என்னவென்று தெரியாமல் விழிப்பதை எதற்குள் வைப்பது? மருந்து ஏற்றிய மாதங்களிலேயே அது தொடங்கியிருந்தது. வாசித்த பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். தெரிந்த சொற்கள் வாய்வரை வந்து திரும்பிப் போயின.

பாடசாலை அதிபர் நல்ல மனிதர். ஹஜ் பெருநாள் முடிந்து நான் வேலைக்குத் திரும்பும்போது, விரும்பினால் என்று முன்கூட்டியே கூப்பிட்டு, வகுப்பை விட்டு நூலகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பாடசாலை தொடங்கிய முதல் கிழமைக்குள் முடிவு சொன்னால் போதும் என்றார். அவர் கனிவாகச் சொல்லச் சொல்ல, கணிதத்தை என்னிடமிருந்து எடுக்கிறார் என்றே எனக்குக் கேட்டது.

அடுத்த கிளினிக்கில் கஞ்சிக் கதையை டொக்டரிடம் சொன்னேன். எனக்குப் பைத்தியமில்லை, சோம்பலுமில்லை, இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு இப்படி வருவதுண்டு என்று அவர் சொன்னதே பாதி மருந்து. அன்றாட வேலைகளை மறுபடி பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரிடம் அனுப்பினார். காரைதீவுக்காரி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் அவரை மிஸ் என்றேன். அவர் என்னை டீச்சர் என்றார்.

ஃபோனில் பயிற்சிகள் தந்தார். நொடியில் தோன்றி மறையும் உருவங்களைப் பிடிக்க வேண்டும். கேட்ட இலக்கங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். அதைவிடக் கடினமானது இன்னொன்று: செய்யும் காரியத்தைச் செய்யும்போதே வாய்விட்டுச் சொல்வது.

"தனியாக் கதைக்கச் சொல்றீங்களா மிஸ்? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் கஞ்சி குடிக்கிறேல்ல டீச்சர், உங்கட வாப்பாதான் குடிக்கிறார். அவரில இரக்கப்பட்டாவது கதைங்க."

எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. கூடும், குறையும், ஆனால் வழி பிடிக்கலாம் என்றார். அந்த நேர்மைக்கு இன்றும் நன்றியாயிருக்கிறேன்.

இலக்கப் பயிற்சிக்கு வீட்டில் ஆள் வேண்டும். உம்மாவுக்கு இலக்கங்களை அடுக்கிச் சொல்ல அலுப்பு. "நான் மீன் சொல்றன், நீ திருப்பிச் சொல்லு" என்றார். மீன் ஆய்ந்தபடியே தொடங்கினார்: "சூடை, பாரை, கீரி, கணவாய்."

"கணவாய், கீரி, பாரை, சூடை."

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த வாப்பா தலையைத் தூக்கினார். "சுறாவ உட்டிட்டாய்."

"உம்மா சுறா சொல்லல்லயே!"

"சொன்னா, சொன்னா. நான் கேட்டனே."

"பொய் சொல்லாதீங்க மனிசன்! புள்ள பாவம், நம்பிரும்," என்று உம்மா கத்தியோடு திரும்பினார்.

நான் நம்பவில்லை. சுறா சொல்லப்படவில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. நோய் வந்த பிறகு ஒரு விஷயத்தில் அவ்வளவு உறுதியாக இருந்தது அன்றுதான். இதைச் சொன்னபோது மிஸ் கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, இலக்கத்துக்குப் பதிலாக மீனே இருக்கட்டும் என்றார்.

ஹஜ் பெருநாள் போனது. பாடசாலை தொடங்கியது. பத்தாம் தரம், காரணிப்படுத்தல். அதிபருக்கு நான் இன்னும் முடிவு சொல்லியிருக்கவில்லை. எக்ஸ் வர்க்கம், சக ஐந்து எக்ஸ், சக ஆறு என்று எழுதினேன். முதல் வரி போனது. இரண்டாம் வரிக்குக் கையைத் தூக்கினேன். ஒன்றுமில்லை. நூறு முறை படிப்பித்த கணக்கு, யாரோ துடைத்ததுபோல வெறுமையாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் பேனையோடு காத்திருந்தார்கள்.

வெண்கட்டியைக் கீழே வைத்தேன். மிஸ் சொன்னபடி ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, வாய்விட்டுத் தொடங்கினேன். "என்ன தந்திருக்கிறது? ஐந்தும் ஆறும். என்ன தேடுகிறோம்? இரண்டு எண்கள். பெருக்கினால்..." என்று நிறுத்தினேன். உண்மையில் எனக்கே அடுத்த சொல் வரவில்லை. "ஆறு!" என்றது வகுப்பு. அந்த ஆறு எதையோ திறந்துவிட்டது. "கூட்டினால் ஐந்து" என்று நானே சொன்னேன். இரண்டும் மூன்றும் தாமாக வந்து நின்றன.

மணி அடிக்கும்போது ஒரு கணக்குத்தான் முடிந்திருந்தது. முன்பெல்லாம் மூன்று முடிப்பேன். பின்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி, "நாளைக்கும் இப்பிடி ஆறுதலா, மெதுவாவே போங்க டீச்சர், வீட்டுவேலையும் குறையும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நேரே அதிபரிடம் போனேன். "பத்தாம் தரம் என்னட்டயே இரிக்கட்டும் சேர். கொஞ்சம் மெதுவாத்தான் போவன்." அவர் தலையாட்டினார். "போங்க டீச்சர். பிள்ளைகளுக்கும் அதுதான் நல்லம்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் திரும்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம். யாரிடமும் இல்லை, சட்டியிடம்தான்:

"உப்புப் போட்டாச்சி!"

என்னைவிட நன்றாக ஞாபகம் உள்ள மனுஷி. இருந்தாலும் இப்போது ஒவ்வொரு நாளும் சொல்கிறார். தனியாகக் கதைக்கிறவள் நான் ஒருத்தி மட்டுமாக இருக்கக் கூடாதாம்.