மாணவர் விலையில் ஒரு லேப்டாப்

மாணவர் சலுகையில் லேப்டாப் வாங்குவது பெண் பார்க்கப் போவது மாதிரி: வேண்டியவர் ஒருத்தர், கூட வருகிறவர்கள் ஒரு வேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். லேப்டாப் கம்பெனிக்காரர்கள் படிக்கிற பிள்ளைகளுக்கென்று இணையத்தில் தனி ஸ்டோர் நடத்துகிறார்கள். காலேஜ் அட்டையைக் காட்டினால் விலையை நன்றாகவே குறைப்பார்கள். பிள்ளைகள் பெயரில் பதிந்து, அட்டையை ஏற்றி, ஆர்டர் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ஓ.டி.பி. வருமா வராதா என்று போனையே முறைத்துக்கொண்டு நீங்கள் ஒருநாளாவது உட்கார்ந்திருந்தால் நீங்களும் நம்ம கட்சிதான். உட்காருங்கள், சொல்கிறேன்.

யார் மாணவர்?

சங்கராபுரத்திலிருந்து ஒரு விவசாயி மகனோடு வந்தார். மகனுக்கு முன்மண்டையில் வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. நீட்டிய அட்டையில் அவனுக்கு முடி அடர்த்தியாக இருந்தது. "ஐயா, இது எப்பவோ காலாவதியான அட்டை. இப்பப் படிக்கிறவங்களுக்குத்தான் இந்த விலை" என்றேன். மகன் தரையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, பாவம். அப்பாதான் விடுவதாக இல்லை.

"இன்னாங்க மேடம் இப்டி சொல்றீங்க? இவன் அரியர் பேப்பர இன்னும் எழுதிக்கினுதான் இருக்கான். அப்ப படிக்கிற புள்ளதான?"

ஒரே ஒரு கேள்வி

கோமதி வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண். டிகிரி கடைசி வருஷம். அப்பா பொன்னனோடு மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். பெங்களூர் கம்பெனி ஒன்றின் முதல் சுற்றுத் தேர்வைக் காலேஜ் கம்ப்யூட்டரிலேயே எழுதிப் பாஸ் செய்துவிட்டாள். அடுத்தது வீடியோவில் நேர்காணல். போனில் பேசக் கூடாது, கம்ப்யூட்டர்தான். முகம் தெளிவாகத் தெரியவில்லை என்றால் நேர்காணலே ரத்து என்று மெயிலில் எழுதியிருந்தார்கள். அது நடக்கும் நாளில் காலேஜும் லீவு, என் கடைக் கம்ப்யூட்டர்களிலோ கேமரா கிடையாது. இந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "அப்பா அம்மாகூட கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போவணும்கா" என்றாள். முகத்தைச் சுளிக்காமல்தான் சொன்னாள்.

லேப்டாப் வாங்க வருகிறவர்கள் என் உயிரை எடுப்பார்கள். ராம் எவ்வளவு, கேம் ஓடுமா, பை இலவசமா, பேரனுக்கு ஒரு மவுஸ் சேர்த்துத் தருவார்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பொன்னன் ஒன்றுமே கேட்கவில்லை. இருக்கிறதிலேயே விலை கம்மியானதைக் காட்டினேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரைக்கு எதிரே குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல எம் பொண்ணு மொகம் அவங்களுக்கு நல்லாத் தெரியுமாங்க?"

மலை ஏறாத பார்சல்

கோமதியின் அட்டை மழையில் நனைந்து, போட்டோவில் முகம் கரைந்து போயிருந்தது. ஸ்டோர்காரன் 'படம் தெளிவாக இல்லை' என்று திருப்பி அனுப்பினான். மறுபடி ஏற்றினேன், மறுபடியும் திருப்பினான். "அடப் பாவி, நேர்ல வந்து பாருடா" என்று கம்ப்யூட்டரைத் திட்டினேன். அதற்கு ரோஷம் வந்த மாதிரி தெரியவில்லை. கடைசியில் காலேஜ் கொடுத்த மெயில் முகவரியைப் போட்டுத்தான் வேலை முடிந்தது. அடுத்த இடி, அவள் ஊர் பின்கோடைப் போட்டதும் 'இங்கே டெலிவரி இல்லை' என்று வந்தது. என் கடை முகவரியைக் கொடுத்தேன்.

நேர்காணல் நெருங்குகிறது, பார்சல் வரவில்லை. கோமதி தினமும் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி வந்து போன் செய்வாள். 'இன்னும் இல்லடி' என்று சொல்லிச் சொல்லி எனக்கே நாக்கு கூசியது. ஒருவழியாக நேர்காணலுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. டெலிவரிக்கார அண்ணன் பெட்டியை மேஜையில் வைத்தார். மலைக்கும் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் என்னவாம் என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"மேல ஏறினா போன் எடுக்காது. போன் எடுக்கற எடத்துல ஆளு இருக்காது. நா இன்னாம்மா பண்றது?"

நகராத வண்டி

சேதி கேட்டதும் கோமதியும் பொன்னனும் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். அன்று களமருதூர் அக்கா ஒருவரும் மகனுடைய பெட்டியை வாங்க வந்திருந்தார். கடையிலேயே பிரித்து, சூடம் ஏற்றிவிட்டார். பதறிப்போய் நான் அதை ஊதி அணைத்தேன். ஆயுத பூஜைக்கு நெல் அறுக்கிற மெஷினுக்கு எல்லாம் செய்கிறோம், இதற்குச் செய்யக் கூடாதா என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். சரி, பொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சமாதானம் செய்தேன். அந்தப் பக்கம் திரும்பி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் லேப்டாப்புக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டார்.

இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பொன்னன், தன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். கோமதியை உட்கார வைத்துக் கேமராவைச் சோதித்திருந்தேன். முகம் பளிச்சென்று தெரிந்தது. இங்கேயே இருக்கட்டும், காலையில் வந்து பேசினால் போதும் என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. சாமி முன்னால் வைத்துவிட்டு எடுத்து வருவதாகச் சொல்லி பஸ் ஏறிவிட்டார். களமருதூர் அக்காவோ இன்னும் லேப்டாப்பைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"பைக்கு ஏறி நசுக்குது, டிராக்டரு ஏறி நசுக்குது. இது இன்னாடி, நவுர மாட்டேங்குது!"

முகம்

மறுநாள் மலையில் சிக்னலை நம்ப முடியாது என்று கோமதி என் கடைக்கே வந்தாள். உள் அறையைக் காலி செய்து கொடுத்தேன். பொன்னன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சரியான நேரத்துக்குத் திரையில் அந்தப் பக்கம் ஒரு மேடம் வந்தார். தமிழ்க்காரர்தான். "கோமதி, உங்க குரல் கேக்குது, முகம் தெரியலையே. ஒரே இருட்டா இருக்கு" என்றார்.

நேற்றுத் தெரிந்த முகம் இன்றைக்கு எங்கே போச்சு? அணைத்துப் போட்டேன், அமைப்புகளைத் தோண்டினேன், மட்டமான கேமராவை வைத்து ஏழைப் பெண்ணை ஏமாற்றிவிட்டான் என்று கம்பெனியை வாயில் வந்தபடி ஏசினேன். கோமதியின் கண் கலங்கிவிட்டது. அழாதேடி என்று அவள் முதுகைத் தட்டினேன். "கேமரா மேல ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாருங்க" என்றார் அந்த மேடம், பொறுமையாக.

பார்த்தேன். திரைக்கு மேலே, நட்டநடுவே, கேமரா இருக்கிற இடத்தில், அம்சமாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம்! சந்தனம் குங்குமம் இல்லாத மெஷினை இந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை. என் ஜெராக்ஸ் மெஷினுக்கே நெற்றி நிறைய இருக்கிறது. அதனால் அந்தப் பொட்டு என் கண்ணில் பட்டும் மூளைக்கு ஏறவில்லை. துடைக்கத் துணியை எடுத்தேன். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாமி முன்னால அப்பா வெச்சதுக்கா" என்றாள்.

பொன்னன் உள்ளே வந்தார். "எங்க வெக்கறதுன்னு தெரியல. இதுக்கு நெத்தி இதானேன்னு வெச்சிட்டன்" என்றார். பிறகு விரலை நனைத்து அந்தப் பொட்டைப் பக்குவமாகத் துடைத்தெடுத்தார். கீழே போடவில்லை, மகளின் நெற்றியில் வைத்தார். துண்டு நுனியால் கேமராவைச் சுத்தமாகத் துடைத்தார். பிறகு சந்தேகம் தீராமல் திரைக்கு எதிரே முழுசாகக் குனிந்து, "இப்ப எம் பொண்ணு மொகம் நல்லாத் தெரியுதுங்களா?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த கோமதி சிரித்துவிட்டாள். அந்தப் பக்கம் மேடமும் சிரித்தார்.

"உங்க முகம் ரொம்ப நல்லாத் தெரியுதுங்க ஐயா. கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா பொண்ணு முகமும் தெரியும்."

கோமதி இப்போது பெங்களூரில் சம்பளம் வாங்குகிறாள், நானோ ஒவ்வொரு பெட்டியைக் கொடுக்கும்போதும் மூடியின் பின்பக்கத்தைத் தட்டி 'நெற்றி இதுதான்' என்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.