கிணற்றுக்குப் பின்னால் இருந்த ஆறு

யாரையும் லேசில் நம்பாத குணம் எனக்கு ஆற்றிலிருந்து வந்தது. வெளியூர்க்காரர்கள் மட்டக்களப்பு வாவி என்பார்கள். குருக்கள்மடத்தில் எங்களுக்கு அது ஆறுதான். சின்ன வயதில் கிணற்றடியில் குளித்துவிட்டு, அப்படியே உப்புத்தண்ணீரில் வேரூன்றி நிற்கும் கண்ணா மரப் பற்றைக்குள் இறங்கிவிடுவேன். வேர்களுக்கு நடுவே பொந்து தெரிந்தால் உள்ளே நண்டா பாம்பா என்று குச்சி விட்டுப் பார்க்காமல் கை வைக்க மாட்டேன். தண்ணீர் அசையாமல் சும்மா கிடந்தால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுவேன். இப்படி வளர்ந்தவள் கதை எழுத வந்தால் வேறு என்ன எழுதுவாள்? நண்டுக்கும் மீன்கொத்திக்கும் கண்ணாவுக்கும் கதை எழுதினேன். எல்லாக் கதையிலும் ஒரு கள்ளன் வருவான்.

போன வருசம் என் வீட்டுக்குப் பின்னால் ஆறு கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போவதைக் கண்டேன். கண்ணா வேர்களுக்கு நடுவே தேங்காய் மட்டை, உடைந்த ஓடு, அடுப்புச் சாம்பல், அதற்கு மேல் மண். நண்டுப் பொந்துகள் மூடிப் போயிருந்தன. யாரோ ஆற்றை நிரப்பிக் காணி பிடிக்கிறார்கள்! அந்தப் பற்றை போய்விட்டால் எனக்கு எழுத என்ன மிஞ்சும்?

என் சந்தேகம் நேராகப் பக்கத்து வளவுக் கிளாக்கர் ஐயா மேல் போய் விழுந்தது. பென்சன் எடுத்தவர். வெயிலோ மழையோ, பின்னேரமானால் கறுப்புக் குடையோடு ஆற்றங்கரையில் வந்து நிற்பார். ஆற்றைப் பார்க்க எதற்குக் குடை? மாரி வந்தால் என் குசினியில் அடுப்பு மூலைக்குள் தண்ணீர் கசியும். அதற்கும் அவர் கட்டிய மதில்தான் காரணம் என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். முன்வீட்டில் அக்காவோடு இருக்கும் அம்மாவிடம் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“ஓம் மனே, ஊர் கெட்டுப் போச்சு,” என்றார் தலையை நிமிர்த்தாமல்.

அதன் பிறகு எழுதிய கதையில் ஆற்றை நிரப்புகிற கள்ளனுக்குக் கறுப்புக் குடை ஒன்றைக் கொடுத்தேன். கதை சஞ்சிகையில் வந்தது. அந்தக் கிழமையே மதிலுக்கு மேலால் ஐயாவின் தலை தெரிந்தது.

“தங்கச்சி, கதை வாசிச்சன். நல்லாத்தான் கிடக்கு. ஆனா என்ட குடையை எதுக்குக் கள்ளன்ட கையில குடுத்தீங்க?”

நான் விடுவேனா? “கதையில ஆயிரம் குடை வரும் ஐயா. அது உங்கட குடையெண்டு உங்களுக்கு ஏன் படுது?”

மனிதர் சிரித்தார். சிரித்ததும் என் சந்தேகம் இரட்டிப்பானது. “ஒருநாளைக்கு விடிய எழும்பிப் பாருங்க தங்கச்சி. நான் வெயில் ஏறாம எழும்புற ஆளில்ல,” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் விடியக் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்வீட்டுப் பக்கமிருந்து இடுப்பில் ஓலைக் கடகத்தோடு வந்தது அம்மா. சேலையைத் தூக்கிச் செருகினார். கண்ணாவுக்குள் இறங்கினார். கடகத்தைக் கவிழ்த்து, கொட்டியதைக் காலால் மிதித்தார். மிதித்த மிதியிலேயே நெடுநாள் பழக்கம் தெரிந்தது.

ஓடிப்போனேன். “அம்மா! என்ன வேலை இது?”

“கத்தாத. சின்னவளுக்கு வளவு வேணாமா?”

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து பெண்வீட்டில் இருப்பார். அம்மாவின் வீடு அக்காவுக்குப் போனது, பின்வளவில் எனக்கொரு வீடு எழும்பியது. எனக்கும் இரண்டு பெண்கள். என் வீடு மூத்தவளுக்கு என்றால் சின்னவளுக்குக் காலூன்ற ஒரு துண்டு நிலம் இல்லை. எனக்கு வராத அந்தக் கவலை அம்மாவுக்கு வந்திருக்கிறது.

“அதுக்கு ஆத்தையா நிரப்புற? நான் இதைப் பத்தித்தானே ஊரெல்லாம் எழுதித் திரியிறன்! ஆக்கள் சிரிக்கமாட்டாங்களா?”

“நீ எழுது. நான் வேணாமெண்டனா?” அம்மா கடகத்தைத் தட்டி உதறினார். “சின்னனில நீ நண்டு புடிச்ச இடம் எது, சொல்லு பாப்பம்.”

“கிணத்துக்குப் பின்னால.”

“இப்ப கிணறு எங்க கிடக்கு?”

திரும்பிப் பார்த்தேன். கிணறு என் வீட்டு வாசலுக்கு முன்னால் கிடந்தது. நாளும் பொழுதும் தண்ணீர் அள்ளுகிற கிணறு. அதற்குப் பின்னால்தான் என் வீடு, என் குசினி, நான் கதை எழுதுகிற மேசை. மட்டக்களப்பு டவுனில் தங்கிப் படித்துவிட்டு வந்தபோது வளவு பெரிதாகத் தெரிந்தது உண்மை. பற்றை வெட்டித் துப்புரவாக்கினது என்று அம்மா சொன்னார். ஊரில் ஒருவரையும் நம்பாத நான் அதை மட்டும் நம்பிவிட்டேன். குசினிக்குள் கசிகிற தண்ணீர் யாருடைய மதிலாலும் வரவில்லை. அது முன்பு தானிருந்த இடத்துக்கு வந்து போகிறது.

அம்மா மேல் கோபம்தான். கூடவே வெட்கமும் பிடுங்கித் தின்றது. மறுநாள் அம்மா வருவதற்கு முதலே பற்றைக்குள் இறங்கி, மட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரையில் எறியத் தொடங்கினேன். சின்னவளின் வளவு என் கையாலேயே குறைந்துகொண்டு போனது. அடைபட்டுக் கிடந்த பொந்தொன்றிலிருந்து குமிழி வந்தது. எனக்கு அழுகையும் வந்தது.

நிமிர்ந்தபோது அம்மா கடகத்தோடு கரையில் நின்றார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை.

“வடிவா எடு,” என்றார். “இது முடிஞ்ச பொறகு உன்ட வீட்டையும் கிண்டு. அதுக்குக் கீழ கிடக்கிறதும் நான் போட்ட மட்டைதான்.”

முழங்கால் தண்ணீரில், கையில் ஈர மட்டையோடு நின்றேன். வீட்டுக்குள் பிள்ளைகள் இரண்டு பேரும் நித்திரை.