இரண்டு சீட்டு வண்டி

1. இறங்காத வண்டி

ரிக்கவரி லாரி பின்பக்கத்தைச் சாய்த்தது. மேலே இருந்த கார் இறங்கவில்லை. பிரேக் துருவேறி நான்கு வீலும் இறுகிக் கிடந்தன. "பாய், யே காடி மர் கயா" என்று லாரி டிரைவர் சிரித்தார். செத்துப்போன வண்டி என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சார்ஜாவில் ஒர்க் ஷாப்புகள் வரிசையாக இருக்கும் சனையா பகுதியில், ஒரு தெருவின் கோடியில் எங்கள் கராஜ் இருக்கிறது. எங்களுக்குப் பழக்கம் ஜப்பான் வண்டிகள். இது பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, இரண்டே சீட்டு, கம்பி வீல். பர் துபாயில் ஒரு குடோனுக்குப் பின்னால் பல வருஷம் தார்பாய்க்குள் கிடந்தது. ரப்பர் எல்லாம் பிஸ்கட் மாதிரி உடைந்தது. எங்களிடம் இருந்த மில்லிமீட்டர் ஸ்பானர் ஒன்றுகூட அதன் நட்டுகளில் உட்காரவில்லை. எல்லாம் இஞ்ச் சைஸ்.

ஃபோர்மேன் வர்கீஸ் மலையாளி. சுற்றிவந்து பார்த்துவிட்டு, "முருகேசா, இதுல கை வெச்சா நீ நாட்டுக்குப் போகும்வரை இதுதான் உன் பணி" என்றார்.

2. தார்பாய் போட்ட காரணம்

வண்டியின் சொந்தக்காரர் காசிம் பாய். கீழக்கரைக்காரர். பர் துபாயில் துணிக்கடை. எழுபது தாண்டிய மனிதர். நான் அதிகம் பேசமாட்டேன். அவர் எனக்கும் சேர்த்துப் பேசுவார்.

"எங்க இங்கிலீஷ்கார மேனேஜர் ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனாரு தம்பி. நாலு மாசம்தான் ஓட்டினேன். அப்புறம் விசா எடுத்து வீட்டுல அவளும் மூணு பிள்ளைங்களும் வந்துட்டாங்க. இருக்கிறது ரெண்டு சீட்டு. யார உக்கார வைக்கிறது, யார எறக்கி விடுறது? தார்பாயப் போட்டு மூடிட்டேன்."

"இப்ப ஏன் பாய்?"

"பிள்ளைங்க அவங்கவங்க வண்டியில போறாங்க. இப்ப நாங்க ரெண்டே பேரு. சீட்டு சரியா இருக்குல்ல?"

நோன்புப் பெருநாள் முடிந்ததும் இருவரும் ஒரேயடியாக ஊருக்குப் போகிறார்கள். அதற்கு முன்னால் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து கோர்பக்கான் கடற்கரைவரை ஒரு தடவை ஓட்டிப் போக வேண்டும். "அவ ஒரு நாளும் இதுல ஏறுனதில்ல தம்பி" என்றார். வேறு ஆசை எதையும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

செலவு மகன் ரியாஸுடையது. அந்தப் பிள்ளை இங்கேயே வளர்ந்தவர், மரியாதையானவர். பார்ட்ஸ் எல்லாம் இங்கிலாந்திலிருந்து ஆர்டர் போட்டுக் கொடுத்தார்.

3. ஐசியூ

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினேன். தினமும் காலையில் கிராங்க் நட்டில் ஸ்பானர் போட்டு அழுத்திப் பார்ப்பேன். அசையாது. மறுபடி ஊற்றுவேன். சுத்தியலால் அடித்தால் அப்போதே விட்டிருக்கலாம், அல்லது உடைந்திருக்கலாம். உடைந்தால் அவர் கோர்பக்கான் போக மாட்டார். அதனால் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

காசிம் பாய் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வருவார். கவிழ்த்த டிரம்மில் உட்காருவார்.

"பேஷன்ட் எப்படி இருக்காரு தம்பி?"

"ஐசியூலதான் பாய்."

"டாக்டரு தெம்பா இருக்காரா?"

டாக்டர் தெம்பாக இல்லை. ஒரு காலையில் ஸ்பானர் நூல் அளவு நகர்ந்தது. அன்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருப்பது தெரிந்தது. கிளட்சைப் பிரித்துச் சரிசெய்தால் பிரேக் பைப் ஒழுகியது. பைப் மாற்றினால் பெட்ரோல் டேங்கில் அரக்கு மாதிரி கசடு. வந்த வாட்டர் பம்ப் வேறு மாடல். திருப்பி அனுப்பி மறுபடி வரவழைப்பதற்குள் நோன்பு பாதி போய்விட்டது. ரூமில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் அந்தப் பெரியவர் டிக்கெட்டோடு நிற்பதுதான் கண்ணில் வரும்.

"பேஷன்ட் சீரியஸா முருகேசா?" என்று வர்கீஸ் கேலி செய்வார். "அவங்க பிளைட்டுல போகட்டும். நீ பின்னாடியே இத ஓட்டிட்டு கீழக்கரை போ."

4. ஓட்டம் வேண்டாம்

பெருநாளுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. முதலில் இருமியது, புகை தள்ளியது. கார்புரேட்டர் இரண்டையும் ஒன்றுக்கொன்று டியூன் செய்ததும் ஒரே சீராக நின்றது. ரியாஸ் ஓடி வந்து செல்போனில் வீடியோ எடுத்தார்.

"சவுண்ட் சூப்பர் அண்ணே!"

"நாளைக்கே டெஸ்டுக்குக் கொண்டு போயிரலாம் தம்பி. பாஸாயிட்டா ரிஜிஸ்ட்ரேஷன், நம்பர் பிளேட்டு..."

"டெஸ்ட் எதுக்கு அண்ணே? இது ரோட்டுக்கே போகலையே."

அவர் ஒரு மாலில் ரெஸ்டாரன்ட் திறக்கிறார். வாப்பா காசிம் பாயின் பெயரிலேயே. வாசலில் இந்தக் கார் நிற்கும். பக்கத்தில் டிவியில் இந்த வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும்.

"அப்ப இன்ஜின் எதுக்கு..." என்று இழுத்தேன்.

"வாப்பா ஓடணும்னு சொன்னாங்க. ஓட வெச்சாச்சு, வீடியோவும் எடுத்தாச்சு. அவங்களுக்கு சர்ப்ரைஸ். சொல்லிடாதீங்க."

கோர்பக்கான் என்ற சொல் என் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

5. மாலின் பின்வாசல்

இரண்டு நாள் கழித்து ரியாஸிடமிருந்து போன் வந்தது. மால் விதிப்படி டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது, பேட்டரி இருக்கக் கூடாது. கழற்ற நான் வர வேண்டும்.

சாமான் இறக்கும் பின்வாசலில் கார் நின்றது. சர்ப்ரைஸ் அன்று காலையிலேயே உடைந்திருந்தது; காசிம் பாயும் அவர் மனைவியும் ரிப்பன் வெட்டுவதற்காகப் புது உடையில் நின்றிருந்தார்கள். அந்த அம்மா முந்தானையால் கார்க் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கீழே படுத்து டேங்க் பிளக்கைத் திறந்தேன். கேன் நிரம்பியது. ஓடாத வண்டியை ஓட வைத்துத்தான் இத்தனை வருஷம் சோறு தின்றேன். ஓடுகிற வண்டியை நிறுத்த என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

காசிம் பாய் குனிந்து கேட்டார். "முடிஞ்சுதா தம்பி?"

"டேங்க் முடிஞ்சுது பாய்." கேனை மூடிக்கொண்டே சொன்னேன். "மகன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"சொல்லி? என் பேரப் போட்டு கடை தொறக்குறான். அவன் மூஞ்சியப் பாத்தியா? அதுல போயி என்னத்தச் சொல்ல."

நான் எழுந்தேன். ஸ்பானரைப் பேட்டரிப் பக்கம் கொண்டுபோகவில்லை. "கார்புரேட்டர் கிண்ணத்துல கொஞ்சம் பெட்ரோல் நிக்கும் பாய். இங்கேருந்து மாலுக்குள்ள போற அந்தக் கதவு வரைக்கும் வரும். அம்மாவ உக்காரச் சொல்லுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மனைவிக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

சாவியைத் திருப்பினார். டேங்கில் ஒன்றும் இல்லாததால் பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று காற்றை அடித்தது. இன்ஜின் பிடித்தது. ஃபர்ஸ்ட் கியர். மாலின் சேஃப்டி ஆள் கையை ஆட்டி, "அரே பாய், பந்த் கரோ!" என்று நிறுத்தச் சொல்லிக் கத்தினார். கார் குப்பைத் தொட்டிகளையும் காய்கறி லாரியையும் தாண்டி மெல்லப் போனது. அந்த அம்மா காற்றே இல்லாத இடத்தில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டார். கதவுக்குச் சற்று முன்னாலேயே இன்ஜின் இருமி நின்றுவிட்டது.

இருவரும் இறங்கவில்லை. "அவ்வளவுதானா?" என்று அந்த அம்மா கேட்டது என் காதில் விழுந்தது. "அவ்வளவுதான்" என்றார் அவர்.

மிச்ச தூரத்துக்கு, அவர்களை உட்காரவைத்தே தள்ளினோம். உள்ளே எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு பேட்டரியைக் கழற்றினேன். பெருநாள் முடிந்து அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். பழைய வண்டி வந்தால் இன்ஜினை அப்புறம் பாருங்கள். அது எங்கே போகப் போகிறது, யார் உட்காரப் போகிறார்கள் என்று காசு கொடுப்பவரிடமே முதலில் கேளுங்கள். நான் கூச்சக்காரன். கேட்டால் சிலர் சிரிக்கிறார்கள். இருந்தாலும் இப்போது கேட்டுவிடுகிறேன்.

அந்தப் பேட்டரி புதுசு. ரெஸ்டாரன்டில் வேண்டாம் என்றார்கள். எங்கள் கராஜ் பிக்கப்பில் மாட்டியிருக்கிறேன். காலையில் சாவியைத் திருப்பினால் ஒரே அடியில் பிடிக்கிறது.